தயார் என்றால்

செவ்வாய்தோறும் பத்து மணிக்குக் கூட்டம்.
நான் விண்டூக்கில். ஸ்பிக்னியெவ் கிராக்கோவில்.
ஹஸ்மிக் யெரெவானில், மடியில் காய்ச்சல்காரக் குழந்தையோடு.
ஹைடல்பர்க்கிலிருந்து
முகம் காட்டாமல் இருமுகிற ஒருவர்.
ஆளுக்கொரு நிரல்.
கோமாஸ் மேட்டில் தள்ளித்தள்ளி நிற்கும்
நான்கு தொலைநோக்கிகளை
ஒரே பார்வையாக்கித் தரவேண்டியவள் நான்.
சம்பளச் சீட்டில் ஒருங்கிணைப்பாளர் என்றிருக்கும்.
செய்வதென்னவோ
ஒன்றையொன்று பார்த்தேயிராத நிரல்களுக்கிடையே
சம்பந்தம் பேசுவது.

மார்ச்சில் கடிகாரத் தகராறு.
ஹஸ்மிக்கின் நேரமும் சரி,
ஸ்பிக்னியெவின் நேரமும் சரி.
ஒருவர் அணுவைக் கேட்டு எண்ணினார்,
மற்றவர் செயற்கைக்கோளைக் கேட்டு.
இரண்டுக்கும் நடுவே பத்தொன்பது நொடி.
அதற்குள் வானம்
முழுநிலாவில் ஆறில் ஒரு பங்கு நகர்ந்துவிடுகிறது.
இரண்டு வாரம் நாங்கள்
வெறும் இருட்டைக் கவனமாகப் படமெடுத்திருந்தோம்.

நாங்கள் தேடுவது சின்ன விஷயம்.
எங்கிருந்தோ வந்த ஒரு கதிர்
மேலே காற்றில் மோதிப் பொடியாகும்.
நீலமாய் ஒரு வெளிச்சம்.
நொடியை நூறு கோடியாய் நறுக்கினால்
ஏழெட்டுத் துண்டு, அதன் ஆயுள்.
ஒரு கண் மட்டும் பார்த்தது என்றால்
ஏற்கமாட்டோம்.
தனிச்சாட்சி செல்லாது.

ஏப்ரல், மழை விட்ட மூன்றாம் வாரம்.
முதன்முதலாக நான்கும் சேர்ந்து திரும்பவேண்டிய இரவு.
நானே மேட்டுக்கு வந்திருந்தேன்,
நூற்றிச்சொச்சம் கிலோமீட்டர், பாதிக்குமேல் சரளை.
எலியாசர் கானிசெப் கம்பளித் தொப்பியோடு
கேபிள் பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
பாம்பு இல்லை என்றார்,
இருந்தால் நன்றாயிருக்கும் என்கிற குரலில்.

ஒன்று பத்துக்கு நிலா இறங்கியது.
கட்டளை போனது.
முதலாவது திரும்பியது. இரண்டாவது. மூன்றாவது.
நான்காவது
தயார் என்று சொல்லிக்கொண்டு
அப்படியே நின்றது.

தயார், தயார், தயார்.
திரையில் பச்சை எழுத்து.
மூடி திறக்கவில்லை.

கிராக்கோவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினேன்.
"மின்சாரம் வந்துவிட்டால் தயார்" என்றார்,
வேறென்ன இருக்கமுடியும் என்பதுபோல.
ஹஸ்மிக் விழித்தேதான் இருந்தாள்.
"கேமரா குளிர்ந்து, மூடி திறக்கச் சம்மதித்தபின் தயார்."
இருமல்காரர் எழுத்தில் பதில் அனுப்பினார்:
எனக்கு யாரும் பிழை சொல்லாதவரை தயார்.
நான் எழுதிய மைய நிரல்
இவர்கள் மூவரையும் நம்பி
நாலாவது அர்த்தம் ஒன்று வைத்திருந்தது.

நூற்று நாற்பது பக்க ஒப்பந்த ஆவணம்.
நானே தைத்தது.
மின்னழுத்தம் எத்தனை, வெப்பம் எத்தனை,
காற்று எந்த வேகத்தில் வீசினால் கவிழ்ந்து படுக்கவேண்டும்,
எல்லாம் இருக்கிறது அதில்.
இந்தச் சொல்லுக்கு மட்டும் விளக்கம் இல்லை.
எல்லோருக்கும் தெரியும் என்று விட்டிருக்கிறேன்.

"டீ தயார்" என்றார் எலியாசர்.
எட்டிப் பார்த்தேன்.
கெட்டிலில் தண்ணீர் இருந்தது.
கெட்டில் அடுப்பில் இருந்தது.
அடுப்பு இன்னும் பற்றவைக்கப்படவில்லை.

சிரித்தேனா அழுதேனா நினைவில்லை.
தயாரை நீக்கினேன்.
அதன் இடத்தில் மூன்று சொற்கள்:
விழித்தேன். குளிர்ந்தேன். திறக்கலாம்.
மைய நிரலுக்குச் சொன்னேன்,
மூன்றாவதைக் கேட்கும்வரை பேசாமல் இரு.

இரண்டு நாற்பத்தேழு.
மூடி அசைந்தது.
நாற்பது டன் இரும்பு
கழுத்தைத் திருப்புகிற மாதிரித் திரும்பிற்று.
ஓடைப்பக்கம் குள்ளநரி ஒன்று பயந்து குரைத்தது.

பிறகு நான்கு வரிசையில் நான்கு எண்கள்,
ஒரே கணத்தின் பெயரில்.
அதற்கடுத்து இன்னொன்று.
அந்த வெளிச்சம் எப்போதோ செத்துப்போயிருந்தது,
நாங்கள் திரையைப் பார்ப்பதற்குள்.

எலியாசர் பதிவேட்டில் எழுதினார்:
நான்கும் கண்டன. டீ ஆறிவிட்டது.

விடியும்போது ஹஸ்மிக்கிடமிருந்து சேதி.
குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது.
அடுத்த செவ்வாய் ஒன்று பேசவேண்டும், காவுனா,
"நிறுத்து" என்றால்
உடனேயா,
கையிலிருக்கும் தரவை எழுதி முடித்த பிறகா?